விடுமுறையும் வீட்டு நாயும்

அரசைத் துறந்து வடதிசை நோக்கி நடந்த பாண்டவரின் கடைசிப் பயணத்தில் ஒரு நாயும் உடன் சென்றது. வழியிலே திரௌபதி வீழ்ந்தாள். தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். எஞ்சியவர் தருமர், அவரை விடாது தொடர்ந்தது அந்த நாய். தேரோடு எதிர்வந்த இந்திரன், தருமர் ஏறலாம், நாய்க்கு இடமில்லை என்றான். நம்பி வந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டா என்று தருமர் மறுத்துவிட்டார்.

நாயோடு பயணம் போகின்றவன் எல்லைவாயிலில் நிறுத்தப்படும் காட்சியை நம் இதிகாசம் அன்றே காட்டிவிட்டது. அந்தக் கதையில் நாய் தரும தேவதையாக வெளிப்பட்டது. வழக்கு இனிது முடிந்தது. உலகியலிலோ நாய் நாயாகவே இருக்கிறது. அதன் அன்பு மெய். அதன் உமிழ்நீரில் நஞ்சு கலந்திருக்கக் கூடும் என்பதும் மெய். ஆகவே வாயிற்காவலனைக் கொடியவன் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. "விடுமுறைக்கு வெளியூர் போகிறோம், நாயை என்ன செய்வது?" என்பது பல வீடுகளில் எழும் சிறு கேள்வி. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று நிற்கிறது. அதைச் சிறிது எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த நாடு இங்கிலாந்து. நாய் வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்ட மக்கள் அந்நாட்டினர். நாற்புறமும் கடல் சூழ்ந்திருப்பதால் வெளியிலிருந்து வரும் நோயைத் துறைமுகத்திலேயே தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு இருந்தது. அந்த விருப்பமும் இந்த நம்பிக்கையும் ஒன்றோடொன்று மோதிய கதையே நாம் காணப் போவது.

இங்கிலாந்தில் பொதுமக்களுக்குச் சட்டத்தின் வாயிலாக விடுமுறை வாங்கித் தந்தவர் சர் ஜான் லபக் என்பார். அவர் வங்கி நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் அண்டை வீட்டாராய் இருந்து இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். அவருடைய முயற்சியால் 1871-ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. ஈஸ்டர் திங்கள், ஆகஸ்டு மாத முதல் திங்கள் முதலிய நாள்களில் வங்கிகள் மூடப்பட்டன. அவற்றைப் பின்பற்றிக் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. மக்கள் நன்றியோடு அந்நாள்களைப் "புனித லபக் திருநாள்" என்று வேடிக்கையாக அழைத்தனர். இரயில் வண்டிகள் நிறையக் கூட்டம் கடற்கரை ஊர்களுக்குப் பாய்ந்தது.

இதே லபக்கிடம் வான் என்ற பெயருடைய கறுப்புப் பூடில் நாய் ஒன்று இருந்தது. "உணவு", "வெளியே", "தேநீர்" என்பன போன்ற சொற்களை அட்டைகளில் அச்சடித்து, வேண்டிய அட்டையை வாயால் கவ்விக்கொண்டு வந்து கொடுக்க அவர் அதற்குப் பழக்கினார். நாயின் உள்ளத்தை அறிய விரும்பிய அவர், 1880-களில் அந்தச் சோதனைகளை அறிஞர் உலகத்தின்முன் எடுத்துரைத்தார். மனிதனுக்கு விடுமுறை தேடித் தந்தவரே நாயின் விருப்பத்தைக் கேட்டறிய முயன்றவராகவும் இருந்தது இன்பமானதோர் ஒற்றுமை.

ஆனால் அக்காலத்து நகரங்களில் எல்லா நாய்களும் வானைப் போன்று வாழவில்லை. இலண்டன் தெருக்களில் கைவிடப்பட்டு அலைந்த நாய்கள் மிகப் பல. அவற்றுக்கென 1860-இல் மேரி டீல்பி என்ற அம்மையார் ஒரு காப்பகம் தொடங்கினார். அது வங்கி விடுமுறைச் சட்டம் பிறந்த அதே 1871-இல் பாட்டர்சீ என்னும் பகுதிக்கு இடம் மாறி, இன்றளவும் அங்கே நடைபெற்று வருகிறது. வீட்டு நாயாயினும் தெரு நாயாயினும் எல்லாவற்றின்மீதும் ஓர் அச்சத்தின் நிழல் படிந்திருந்தது. அந்த அச்சத்தின் பெயர் வெறிநோய்.

வெறிநோய் கண்ட நாய் கடித்தால், கடியுண்டவருக்கு நோய் உடனே தோன்றுவதில்லை. பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ கழிந்த பின்னரே தோன்றும். தோன்றிவிட்டால் தப்புதல் அரிதினும் அரிது. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பாரிசு நகரில் லூயி பாஸ்டியர், ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தத் தொடங்கினார். அவன் இரண்டு நாள்களுக்கு முன்பு வெறிநாயால் பல இடங்களில் கடியுண்டவன், பிழைத்துக்கொண்டான். கடிக்கும் நோய்க்கும் நடுவே உள்ள இடைவெளியில் உடலைப் போருக்கு ஆயத்தம் செய்துவிட முடியும் என்பது அன்று புலனாயிற்று. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கடியுண்டவர்கள் பாரிசுக்கு விரைந்தனர்.

அந்த இடைவெளியை மனத்திற்கொள்ளுங்கள், நேயர்களே. நம் கதை முழுவதும் அதைப் பற்றியதே. நோய் உடலில் மறைந்திருக்கும் காலம் எவ்வளவு? அதுவரை நாயை எங்கே வைப்பது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியதே சட்டத்தின் வேலையாயிற்று.

1890-களில் இங்கிலாந்தின் வேளாண்மைத் துறைத் தலைவராயிருந்த வால்டர் லாங், நோய் கண்ட பகுதிகளில் நாய்கள் யாவும் வாய்ப்பூட்டு அணிந்தே வெளியே வரவேண்டும் என்று ஆணையிட்டார். நாய் வளர்ப்போர் சினந்தெழுந்தனர், ஏசினர். தம் நாய் குற்றமற்றது என்பதே ஒவ்வொருவர் வாதமும். அவர் இணங்கவில்லை. அதனோடு, வெளிநாட்டிலிருந்து வரும் நாய் ஒவ்வொன்றையும் தனித்து வைத்துக் காக்கும் விதியும் அந்நூற்றாண்டின் இறுதியில் வகுக்கப்பட்டது. அக்காவலின் அளவு ஆறு மாதம். 1902-க்குள் இங்கிலாந்தில் வெறிநோய் அடியோடு நீங்கியது. ஏசியவர்களின் நாய்களையும் அவர்தம் பிள்ளைகளையும் அந்த ஆணையே காத்தது என்பதை மறுக்க முடியாது.

இவ்வெற்றி எவ்வளவு மென்மையானது என்பதை முதல் உலகப் போர் காட்டியது. போர்க்களத்தில் கிடைத்த நாய்க்குட்டியைப் பிரிய மனமின்றிச் சிப்பாய்கள் அதை மறைத்துத் தாயகம் கொண்டு சென்றனர். 1918-இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் வெறிநோய் மீண்டும் தலைகாட்டியது. அதை ஒழிக்க 1922 வரை ஆயிற்று. அன்பினால் செய்த குற்றம்தான். எனினும் நோய்க்கு அன்பும் வஞ்சமும் ஒன்றே. அதன்பின் ஆறு மாதக் காவல் இங்கிலாந்தின் அசைக்க முடியாத மரபாயிற்று.

இதற்கிடையே விடுமுறை என்பது செல்வரின் உடைமையாய் இருந்த நிலை மாறி வந்தது. 1938-இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தபின் தொழிலாளர் குடும்பங்களும் ஆண்டுக்கு ஒரு வாரம் கடற்கரைக்குப் போகத் திட்டமிடலாயின. உள்நாட்டுப் பயணத்தில் நாய்க்குத் தடையில்லை. பயணச்சீட்டு வாங்கி இரயிலில் கொண்டு போகலாம். கொண்டு போக இயலாதவர் பணம் கொடுத்து நாய் விடுதிகளில் விட்டுச் சென்றனர். அவ்விடுதிகள் பெருகப் பெருக, இடநெருக்கடியும் துப்புரவுக் குறையும் எழாதவாறு அவற்றைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. 1963-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, அத்தகைய விடுதிகள் ஊராட்சி மன்றங்களிடம் உரிமம் பெற்றே நடைபெற வேண்டும் என்று விதித்தது. குடும்பம் கடலாடப் போன வாரத்தில் நாயின் நலனுக்கும் ஒருவர் பொறுப்பு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

வெளிநாட்டுப் பயணமோ வேறு. விமானம் வந்து, மக்கள் இரண்டு வார விடுமுறைக்கு ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் பறக்கத் தொடங்கியபோது, நாய் வீட்டிலேயே நின்றது. இரண்டு வார இன்பத்திற்கு உடன் அழைத்துச் சென்றால், திரும்பி வந்ததும் ஆறு மாதச் சிறை. வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பும் தூதர், படைவீரர், வணிகர் ஆகியோருக்கு அந்த வழியும் இல்லை. ஒன்று, நாயைக் காவலில் விடவேண்டும். அல்லது அந்நாட்டிலேயே யாரிடமேனும் கொடுத்துவிட்டு வரவேண்டும். காவலில் இருந்த நாயைச் சென்று பார்க்கலாம். அழைத்து வர முடியாது. செலவு முழுதும் உடையவரைச் சேர்ந்தது. முதிர்ந்த நாய்கள் சில அங்கேயே உயிர்விட்டன.

செல்வாக்குடையவர்க்கும் விலக்கில்லை. 1968-இல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும் இலண்டனுக்கு வந்தபோது, தங்கள் நாய்கள் கரையில் கால் வைக்க முடியாததால், உல்லாசப் படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் தேம்ஸ் ஆற்றில் நிறுத்தி, அதில் அவற்றை வைத்திருந்தனர். உலகம் இதைக் கண்டு நகைத்தது. ஆயினும் புகழ்மிக்க நடிகர்களின் நாயும் படகிலேயே நிற்க வேண்டியிருந்தது என்பதில், சட்டம் எல்லார்க்கும் ஒன்றாயிருந்த நேர்மையையும் காண்கிறோம்.

மறு ஆண்டே சிரிப்பு அடங்கிற்று. 1969-இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் நாய், ஃபிரிட்ஸ் என்பது அதன் பெயர், ஆறு மாதக் காவலை முறைப்படி முடித்து, கேம்பர்லி என்னும் ஊரில் தன் வீட்டை அடைந்தது. சில நாள்களில் அதற்கு வெறிநோய் கண்டது. வீட்டைவிட்டு ஓடி மக்களைக் கடித்தது. சுற்றுப்புறக் காட்டு விலங்குகளுக்கு நோய் பரவியிருக்குமோ என்று அஞ்சி, துப்பாக்கி ஏந்தியோர் அங்கே நரிகளை வேட்டையாடினர். 1970-இல் நியூமார்க்கெட்டில் மற்றொரு நாயும் காவல் முடிந்தபின் நோயுற்று இறந்தது. நல்வாய்ப்பாக நோய் மேற்கொண்டு பரவவில்லை.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து இருவேறு பாடங்கள் பெறலாம். காவல் போதாது, இன்னும் இறுக்குக என்பது ஒன்று. நாள் எண்ணுவது மட்டும் காவலாகாது, நாயின் உடலுக்குள்ளேயே காவலை நிறுத்துக என்பது மற்றொன்று. நாடு முதற்பாடத்தைக் கற்றது. 1974-இல் வெறிநோய்ச் சட்டம் வந்தது. துறைமுகங்களில் எச்சரிக்கைச் சுவரொட்டிகள் தொங்கின. அந்த அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நரிகளின் வாயிலாக வெறிநோய் மேற்கு நோக்கி நகர்ந்து, 1968-இல் பிரான்சை எட்டியிருந்தது. கடலுக்கு அப்பால் பகை வந்து நின்றபோது வாயிலைத் திறக்க யாருக்குத்தான் மனம் வரும்?

வாயில் திறந்த வரலாறு காட்டில் தொடங்கியது என்றால் வியப்பாக இருக்கும். நரியைப் பிடித்து ஊசி போடுவது ஆகாத செயல். ஆகவே 1978-இல் சுவிட்சர்லாந்தில், கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறைத்தனர். நரிகள் அவற்றைத் தின்றன, நோயெதிர்ப்புப் பெற்றன. நோய் அப்பள்ளத்தாக்கைக் கடக்க முடியாது நின்றது. பிற நாடுகளும் இம்முறையைக் கைக்கொண்டன. பின்னர் விமானங்களிலிருந்தும் மருந்துணவு இறைக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி நரிவெறி நீங்கிய நிலமாயிற்று. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்தது, கசாப்புக் கடையில் கழித்தெறியும் கோழித் தலை!

வெளியே பகை தளர்ந்த பின்னும் கோட்டைக் கதவு மூடியே இருந்தது. சுவீடனும் நார்வேயும் 1994-இல், ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வரும் நாய்களுக்குக் காவலை நீக்கித் தடுப்பூசியையும் இரத்தச் சோதனையையும் ஏற்றன. அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயின் அடியில் சுரங்க இரயில் பாதை திறக்கப்பட்டது. விலங்குகள் அதன் வழியே நுழைந்துவிடாதபடி தடுப்புகள் அமைக்கப்பட்டன. தீவு என்ற பெயர் மிஞ்சியது. தீவின் தனிமை குறைந்துவிட்டது. நாய் வளர்ப்போர் இயக்கமாகத் திரண்டு நாய்களுக்குக் கடவுச்சீட்டு கேட்டனர். ஹாங்காங்கின் கடைசி ஆங்கில ஆளுநர் கிறிஸ் பாட்டன், 1997-இல் பதவி முடிந்து திரும்பியபோது, விஸ்கி, சோடா என்ற தம் இரு நாய்களையும் காவலில் விட மனமின்றிப் பிரான்சு நாட்டில் வைத்தார். ஆட்சியின் சின்னமாய் இருந்தவரே ஆட்சியின் விதிக்கு வெளியே தம் நாய்களுக்கு இடம் தேட நேர்ந்தது.

பேராசிரியர் இயன் கென்னடி தலைமையில் அமைந்த அறிஞர் குழு 1998-இல், காவலுக்கு மாற்று உண்டு என்று அறிக்கை தந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் புதிய பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் வைக்க வேண்டும். பின் தடுப்பூசி போடவேண்டும். பின் இரத்தத்தைச் சோதித்து நோயெதிர்ப்பு உண்டா என்று காணவேண்டும். அச்சோதனைக்குப்பின் ஆறு மாதம் கழித்து நாய் இங்கிலாந்துக்குள் நுழையலாம்.

மீண்டும் அதே ஆறு மாதம் என்பதைக் கவனியுங்கள். இயற்கை வகுத்த இடைவெளியை யாரும் அழித்துவிடவில்லை. முன்பு அதைக் கூண்டில் கழித்தது. இப்போது தன் வீட்டு முற்றத்தில், தன்னவர் காலடியில் கழித்தது. அறிவு வளர்ந்ததன் பயன் இதுதான். விதியை மீறாமலே துன்பத்தை நீக்கும் வழி ஒன்று கிடைத்தது. 2012 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் நாய்க்குத் தடுப்பூசிக்குப்பின் 21 நாள்கள் காத்திருந்தால் போதும் என்று ஆயிற்று. நாடாப்புழு மருந்து மட்டும், நுழைவதற்கு 24 மணி நேரத்திற்குக் குறையாமலும் 120 மணி நேரத்திற்கு மேற்படாமலும் முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும். 2021-இல் பிரிட்டன் ஒன்றியத்தின் ஏற்பாடுகளிலிருந்து முற்றும் விலகியபின், அங்கு வழங்கிய நாய்க் கடவுச்சீட்டு ஐரோப்பாவில் செல்லாதாயிற்று. புறப்படுமுன் 10 நாள்களுக்குள் மருத்துவரிடம் உடல்நலச் சான்று பெறவேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. சென்னைக் கோடைக்கு அஞ்சிய ஆங்கிலேயர் ஆண்டுதோறும் நீலகிரிக்குப் புறப்படும்போது நாய்களும் உடன் சென்றன. உதகையில் வேட்டை நாய்க் கூட்டம் வளர்த்துக் குள்ளநரிகளைத் துரத்தி விளையாடினர். வெறிநாய் கடித்துவிட்டால், இயன்றவர் கப்பலேறிப் பாரிசுக்குப் போகவேண்டும். இயலாதவர் கதி விதிவழி. 1900-இல் வடக்கே கசௌலியில் பாஸ்டியர் நிலையம் அமைந்தது. தெற்கே குன்னூரில் 1907-இல் ஒன்று அமைந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்குப் பயன்பட்டது. சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் உள்ள அந்நிலையத்தைக் கோடை விடுமுறைக்குச் செல்வோர் பலர் கண்டிருப்பர். பூக்களைப் பார்க்கப் போகிற வழியில், எண்ணற்ற குடும்பங்களின் கண்ணீரைத் தடுத்த கட்டடம் அது என்று ஒரு கணம் நின்று நினைப்பது தகும்.

ஏனெனில் இங்கிலாந்தில் வரலாறாகிவிட்ட அச்சம் நம்மிடையே இன்னும் வரலாறாகவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை நாயின் வாயிலாக வருவது. அதனால்தான் சென்னையிலிருந்து இலண்டனுக்கோ பாரிசுக்கோ நாயைக் கொண்டு செல்வோருக்கு இன்றும் நெடிய விதிகள் உள்ளன. மைக்ரோசிப் வைத்துத் தடுப்பூசி போட்டு, 30 நாள்களேனும் கழித்து இரத்தச் சோதனைக்கு அனுப்பி, அந்த இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே பயணநாளிலிருந்து பின்னோக்கி நான்கு மாதத்திற்கு மேலாகவே கணக்கிட்டுத் தொடங்குவது அறிவுடைமை. உள்நாட்டு இரயிலில், முதல் வகுப்பில் தனி அறை முழுவதும் தமக்கென ஒதுக்கப்பெற்றவர் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏனையோரின் நாய் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் செல்லும். உடன் கொண்டு செல்லாதவர், நாயை யாரிடம் விடுவது, அது என்ன உண்ணும், நோயுற்றால் எந்த மருத்துவர் என்பனவற்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வாயிற்கதவைப் பூட்டும் நாளில் எண்ணத் தொடங்கினால், தெருவில் திரியும் நாய்களோடு மேலும் ஒன்று சேரும்.

தருமர் நாயைக் கைவிட மறுத்தது பேரன்பு. 1918-ஆம் ஆண்டுச் சிப்பாயும் கைவிட மறுத்தான். ஆனால் அவன் மறைத்துக் கொண்டு சென்றான். பாஸ்டியரும், கோழித் தலைகளை இறைத்தவர்களும், குன்னூரில் மருந்து வடித்தவர்களும் செய்த பணியால், நாயைக் கைவிடாமலும் மறைக்காமலும் வெளிப்படையாக வாயிலைக் கடக்கும் வழி நமக்குத் திறந்திருக்கிறது. அதற்கு நாம் தரவேண்டிய விலை, உரிய காலத்தில் ஓர் ஊசியும் சில மாதப் பொறுமையுமே. விடுமுறைத் திட்டத்தின் முதல் வரியில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.